மலையக மிஷன் வரலாறு: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்து ஆங்கிலிக்கன் ஆலயங்களின் வரலாற்றை எழுத முற்படுகிறவர்கள் 1876ஆம் ஆண்டின் பிணக்கைத் தாண்டிச் செல்ல முடியாது. கொழும்புப் பேராயர் ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன், இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த குருமார் திருப்பணி செய்வதற்கான அனுமதிப் பத்திரங்களை அந்த ஆண்டில்தான் இரத்துச் செய்தார். ஆண்டு நிறைவு மலர்களுக்காக எழுதும்போது சறுக்கிவிடக்கூடிய இடமும் இதுவே.

இதை இரு தரப்பாரின் குணப் பிரச்சினையாகச் சொல்வது முதல் தவறு. பேராயராக அபிஷேகம் பெற்றபோது கொப்பிள்ஸ்டனுக்கு வயது 30. மிஷனரிகளில் மூத்தவரான வில்லியம் ஓக்லியோ 1835 முதல் இலங்கையில் இருந்தவர். ஆகவே இளையவரின் அவசரம், மூத்தவர்களின் பிடிவாதம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் முரண்பாடு ஆட்கள் வருவதற்கு முன்பே அமைப்புக்குள் இருந்தது. 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' காப்பித் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரின் சந்தாப் பணத்தில், தோட்டத் தொழிலாளருக்குப் போதித்த உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அந்த உபதேசியார்களை மேற்பார்த்த மிஷனரிகளைச் சர்ச் மிஷனரி சங்கம் பராமரித்தது. குருத்துவ அதிகாரமோ பேராயரிடம் இருந்தது. தோட்டப் பகுதியின் கிறிஸ்தவப் பணியை அங்குள்ள ஆங்கிலேயச் சாப்ளின்மாரின் (ஆங்கிலேயருக்கென நியமிக்கப்பட்ட குருமாரின்) பொறுப்பில் வைக்கப் பேராயர் முனைந்தபோது, ஒரே உறையில் இரண்டு வாள் இருக்க முடியாது என்பது வெளிப்பட்டது.

வழிபாட்டு முறை பற்றிய கருத்து வேறுபாடும் இருந்தது உண்மை. ஆயினும் அதையே முழுக் காரணமாக்கினால் நிர்வாகக் கேள்வி மறைந்துவிடும். அனுமதிப் பத்திரங்கள் பின்னர் திரும்பக் கிடைத்தன. 1880இல் காண்டர்பரி பேராயர் உள்ளிட்டோரின் ஆலோசனையோடு உடன்பாடும் ஏற்பட்டது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு உபதேசியாரை விட்டுவிடுவதாகும். இதை நான் அழுத்தியே சொல்வேன். திருநெல்வேலியிலிருந்து வந்த இத்தமிழர், வேலைக்கு ஆட்களைக் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்குத் தொழிலாளர் கூடும் நேரத்தில் அவர்களிடம் பேசி, தோட்டத்துக்குத் தோட்டம் கால்நடையாகச் சென்று, மாலையில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் ஜெபம் நடத்தியவர்கள். உபதேசியார் ஞானஸ்நானத்துக்கு மக்களை ஆயத்தப்படுத்தலாம். சபை ஒழுங்கின்படி அதைக் கொடுப்பது குருவானவரின் பணி. அக்குருவானவரின் அனுமதி பறிபோனால் ஆயத்தமான குடும்பத்தை எவரிடம் அழைத்துச் செல்வது, சம்பளம் தருகிற துரையின் சொல்லைக் கேட்பதா, மேற்பார்க்கிற மிஷனரியின் சொல்லைக் கேட்பதா என்ற நெருக்கடி அவருக்கே உரியது. இதைக் கேளாமல் எழுதப்படும் வரலாறு, தமிழ் மக்களுக்காக நடந்த பணியில் தமிழரையே வேடிக்கை பார்ப்பவர்களாக்கிவிடுகிறது.

துரைமாரின் பணத்தை வெறும் தர்மமாக எழுதுவதும் சரியன்று. தோட்டத்துக்குள் யார் வரலாம் என்பதும் அவர்களின் கையில்தான் இருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை நொடிக்கச் செய்தபோது, அவர்களின் சந்தாவை நம்பிய பணிக்கும் அந்த அடி விழாமல் இருந்திருக்க முடியாது.

கடைசியாக, ஒரு தரப்பின் ஆவணத்தை மட்டும் நம்பக்கூடாது. மிஷனரி அறிக்கைகளை வாசித்தவர்களில் இங்கிலாந்தின் நன்கொடையாளர்களும் இருந்தார்கள். பேராயரின் கடிதங்கள் அதிகாரத்தை நிலைநாட்ட எழுதப்பட்டவை. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தபின், உங்கள் ஆலயத்தில் அக்கால ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் அதைத் திறந்து, 1876க்கு முன்னும் பின்னும் கையொப்பமிட்ட குருவானவர் யார், பெற்றோர் எந்தத் தோட்டத்தவர், இடையில் பதிவுகள் நின்றுபோன மாதங்கள் உண்டா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.