புனல் மேகமா, கந்தல் மேகமா? இடிமழையின்போது கண் ஏமாறும் இடங்கள்

கோடை இடிமேகத்தின் அடியிலிருந்து கூராக ஏதோ ஒன்று தொங்குகிறது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, நாலு குழுக்களில் அனுப்பியாகிவிட்டது. பெரும்பாலும் அது புனல் மேகமாக இருக்காது. ஆனால் இன்னொரு நாள் உண்மையான புனல் மேகம் இறங்கும்போது, "பாதியிலேயே நிற்கிறதே, தரையைத் தொடவில்லையே" என்று அதே ஆள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதும் நடக்கிறது. இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: உருவத்தைப் பார்க்கிறோம், அசைவைப் பார்ப்பதில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் சூறாவளி என்ற ஒரே சொல்லைக் கடலில் உருவாகும் புயலுக்கும் சொல்கிறோம், டொர்னாடோவுக்கும் சொல்கிறோம். முன்னது சில நூறு கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் வாழும். பின்னது பெரும்பாலும் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் அகலம், ஆயுள் சில நிமிடங்கள். மேகத்தின் அடியிலிருந்து சுழன்றபடி கீழே நீளும் புனல் வடிவ மேகம்தான் புனல் மேகம். மேக வகைப்பாட்டில் இதற்கு டியூபா என்று பெயர். அந்தச் சுழற்சி தரையை எட்டிவிட்டால் அது டொர்னாடோ. எட்ட வேண்டியது சுழலும் காற்று. கண்ணுக்குத் தெரியும் மேகம் தரைவரை வந்தாக வேண்டும் என்பதில்லை. இந்த வேறுபாடு பின்னால் உதவும்.

தொங்குவதெல்லாம் புனல் அல்ல

அதிகம் ஏமாற்றுவது கந்தல் மேகம். வானிலைக்காரர்கள் ஸ்கட் என்பார்கள். மழையில் நனைந்து குளிர்ந்த காற்று தரையோடு பரவி மேலே தள்ளப்படும்போது, ஈரம் மிகுந்திருப்பதால் மேகத்தின் அடிமட்டத்துக்கும் கீழேயே துண்டு துண்டாகத் திரண்டுவிடும். அதில் ஒரு துண்டு கூராக நீண்டால் போதும், படத்தில் அச்சு அசலாகப் புனல்தான். நேரில் பார்த்தால் ஓரங்கள் பிய்த்த பஞ்சுபோல் இருக்கும். அரை நிமிடத்தில் உருவம் மாறிவிடும். பல சமயம் மேலே உள்ள மேகத்தோடு ஒட்டாமல் தனியாக மிதக்கும். வேகமாக மேலே ஏறவும் செய்யும்; அந்த வேகம்தான் பார்ப்பவரைப் பதற வைக்கிறது. ஏறுவது வேறு, சுழல்வது வேறு.

நன்றாக உருவான புனல் மேகத்தின் பக்கங்கள் குயவர் சக்கரத்தில் வைத்து வழித்ததுபோல் மழமழவென்று இருக்கும். மேலே மேகத்தோடு உறுதியாக ஒட்டியிருக்கும். நிமிடக்கணக்கில் தன் வடிவத்தை ஓரளவு தக்கவைக்கும். தொடக்க நிலையில் அதுவும் கந்தலாகத் தெரியலாம் என்பதால், ஓரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

சுழற்சியைச் சோதிக்க ஒரு நிலையான புள்ளி வேண்டும். ஜன்னல் சட்டம், எதிர்க் கட்டடத்தின் மூலை, தூரத்துக் கோபுரம், எது கிடைத்தாலும் சரி. தலையைச் சுவரில் சாய்த்து அசையாமல் வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிக்கு நேரே மேகத்தின் ஒரு துணுக்கைக் குறித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பாருங்கள். கையில் பிடித்த கைப்பேசியின் வீடியோ இதற்கு உதவாது. ஆடுவது மேகமா கையா என்று பிறகு பார்ப்பவருக்குத் தெரியாது. ஜன்னல் திட்டில் எதன்மீதாவது சாய்த்து நிறுத்தி, கட்டடத்தின் ஒரு விளிம்பும் படத்துக்குள் வரும்படி வைத்து டைம்லாப்ஸ் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத மெதுவான சுழற்சிகூடத் தெரியும்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் நுட்பம். வட அரைக்கோளத்தில் பெரும்பாலான புனல்கள், மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். எதிரே நிற்கும் உங்களுக்கு அதன் முன்பக்கம் இடமிருந்து வலமாகப் போவதாகத் தெரியும். ஆனால் காற்றில் அடித்துச் செல்லப்படும் எந்த மேகமும் இடமிருந்து வலமாகப் போகலாம். ஆகவே முன்பக்கத்தை மட்டும் பார்த்து "சுற்றுது" என்று சொல்வது அவசரம். இடது ஓரம் உங்களை நோக்கி வருகிறதா, வலது ஓரம் உங்களைவிட்டு விலகிப் போகிறதா, பின்னால் உள்ள துணுக்குகள் வலமிருந்து இடமாகப் போகின்றனவா என்று பாருங்கள். ஒரே சமயத்தில் எதிரெதிர் அசைவுகள் தெரிந்தால்தான் சுழற்சி. தென் அரைக்கோளத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

மேகத்தின் எந்தப் பக்கம்?

புயல்மேகம் நெருங்கும்போது முன்னால் பரண்போல் நீண்டு, அடுக்கடுக்காக, கரியதாக ஒன்று வரும். ஷெல்ஃப் கிளவுட் என்பது இதுதான். படத்துக்கு இதைப் போல் மிரட்டுவது வேறில்லை. எல்லோரும் கேமராவைத் திருப்புவதும் இந்தப் பக்கம்தான். மேகத்திலிருந்து வெளியே பாயும் குளிர்காற்றின் விளிம்பில் இது உருவாகிறது. இதிலும் ஒரு சுருட்டல் தெரியும், ஆனால் அது பாய் சுருட்டுவதுபோல் படுக்கைவாட்டில் உருள்வது. புனலின் சுழற்சியோ பம்பரம்போல் செங்குத்து அச்சில்.

கவனிக்க வேண்டியது மழை பெய்யாத, தட்டையான, இருண்ட அடிப்பகுதியை. சூடான ஈரக்காற்று மேகத்துக்குள் ஏறுவது அந்த இடத்தில்தான். அங்கே ஒரு பகுதி மட்டும் இன்னும் தாழ்ந்து இறங்கியிருந்தால் அது சுவர் மேகம். (ஆங்கிலப் பெயரை அப்படியே 'வால் கிளவுட்' என்று தமிழில் எழுதினால் வால் முளைத்த மேகம் என்று படித்துவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், வால் மேகம் என்றும் ஒன்று தனியாக உண்டு: சுவர் மேகத்திலிருந்து மழை பெய்யும் பக்கமாகப் படுக்கைவாட்டில் நீள்வது. அதையும் புனல் என்று சொல்பவர்கள் உண்டு.) சுவர் மேகம், வால் மேகம் என்ற இந்தப் பெயர்கள் டெட் ஃபுஜிட்டா என்ற வானிலை ஆய்வாளர் தந்தவை. 1957 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் ஃபார்கோ நகரைத் தாக்கிய டொர்னாடோவைப் பொதுமக்கள் எடுத்த படங்களை வைத்து அவர் ஆராய்ந்தார். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களை நேர வரிசையில் அடுக்கியபோதுதான் எது நகர்கிறது, எது சுழல்கிறது என்பது தெரிந்தது.

பரண் மேகத்தையும் சுவர் மேகத்தையும் பிரிக்க இரண்டு தடயங்கள். சரிவு எந்தப் பக்கம்? பரண் மேகம் மழையிலிருந்து விலகிய பக்கமாகக் கீழே சரியும். சுவர் மேகம் பெரும்பாலும் மழையை நோக்கிச் சரியும். காற்று எந்தப் பக்கம்? மேகத்தைப் பார்த்து நிற்கும்போது மழை வாசத்தோடு குளிர்காற்று முகத்தில் அடித்தால் அது வெளியே பாயும் காற்று. வெதுவெதுப்பான ஈரக்காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து மேகத்தை நோக்கி ஓடினால், உள்ளே இழுக்கும் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். சுவர் மேகம் 10 நிமிடத்துக்கு மேல் நீடித்து, தானும் சுழன்று, அதன் பின்னால் வெளிச்சமான ஒரு பிளவு வெட்டிக்கொண்டு உள்ளே வந்தால், புனல் இறங்குவதற்கு முன்பே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

"தென்மேற்கு மூலையைப் பார்" என்று சிலர் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அது வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில், வடகிழக்காக நகரும் பெரிய சுழல் இடிமேகங்களுக்குச் சரி. மேகம் வேறு திசையில் நகரும் இடத்தில் அந்தப் பாடம் கைவிட்டுவிடும். திசைகாட்டியை நம்புவதைவிட மழை இல்லாத அடிப்பகுதியைத் தேடுவது மேல். இன்னொன்று: சுவர் மேகமே இல்லாமலும் டொர்னாடோ வரும். வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்தின் கீழ், சில சமயம் மழை தொடங்கும் முன்பே, தரையோரச் சுழற்சி மேலிழுக்கப்பட்டு உருவாவது லேண்ட்ஸ்பவுட். மேலே சின்னதாக ஒரு கூர், கீழே தூசிக்குழாய். அவ்வளவுதான் தெரியும்.

தரையைப் பார்க்க மறப்பது

புனல் பாதியில் நிற்கிறது என்பதால் ஆபத்து பாதியில் நிற்பதாக நினைப்பதுதான் இதில் மிக மோசமான தவறு. புனலாகத் தெரிவது அழுத்தம் குறைந்து குளிர்ந்த காற்றில் திரண்ட நீர்த்துளிகள். காற்று வறண்டிருந்தால் துளி திரள்வது மேலேயே நின்றுவிடும். சுழற்சி மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தரைவரை இறங்கியிருக்கும். எனவே புனலின் நுனியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டு, அது தொடும் தரையைப் பாருங்கள். அங்கே தூசியோ குப்பையோ சுழன்றால் அது டொர்னாடோ, இடையில் வெற்றிடமாகத் தெரிந்தாலும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முன்னே பாயும் குளிர்காற்றின் விளிம்பில் தூசி சுழன்று எழும், கஸ்ட்னாடோ என்பார்கள். சில நொடிகளோ ஓரிரு நிமிடமோ இருக்கும். மேலே மேக அடியில் சுழற்சி இருக்காது. தூசியைக் கண்டால் அண்ணாந்து பாருங்கள், புனலைக் கண்டால் குனிந்து பாருங்கள்.

மழைத்தாரை தூரத்தில் தூண்போல் தெரியும். ஆனால் அதன் பின்னணி ஓரளவு ஊடுருவித் தெரியும், நீளக் கோடுகள் இருக்கும், அகலம் மெதுவாக மாறும். மடிமடியாகத் தொங்கும் மம்மாட்டஸ் மேகங்கள் பார்க்கப் பயமாக இருந்தாலும் புனலாக மாறுவதில்லை. புகைக்கு அடி தரையில் இருக்கும். வானம் பச்சையானால் டொர்னாடோ நிச்சயம் என்பது நம்பத் தக்கதல்ல.

தூரமும் நேரமும்

மேகத்தின் தூரத்தைக் கண்ணளவில் சொல்வது எல்லோருக்கும் தவறும். கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. மேக அடி 1 கி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது தொடுவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் தெரிந்தால் தூரம் ஏறக்குறைய 6 கி.மீ.; இரண்டு முட்டி என்றால் 3 கி.மீ.க்கும் குறைவு. வறண்ட நாளில் மேக அடி 2 கி.மீ. உயரத்தில் இருந்தால் இந்தத் தூரங்கள் இரட்டிப்பாகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் உங்களை நோக்கி வருவது 6 கி.மீ.யைக் கடக்க 7 நிமிடம் போதும்.

இடமும் வலமும் நகராமல் நின்ற இடத்திலேயே பெரிதாகிக்கொண்டு போகும் புனல் நிற்கவில்லை. உங்களை நோக்கி வருகிறது. மழைத்திரைக்குள் மறைந்தது ஓய்ந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எல் ரெனோ அருகே வந்த டொர்னாடோ மழைக்குள் மறைந்திருந்தது, 4.2 கி.மீ. வரை அகன்று, திசையும் வேகமும் மாற்றியது. அன்று இறந்தவர்களில் டிம் சமராஸ் உள்ளிட்ட மூன்று அனுபவமிக்க ஆய்வாளர்களும் உண்டு.

இவ்வளவுக்கும் நடுவே மறந்துபோவது மின்னல். புனல் தேடி மொட்டை மாடிக்கு ஏறுபவரை முதலில் தாக்கக்கூடியது அதுதான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 நொடிக்கு 1 கி.மீ. என்று கணக்கு. ஆனால் இடி காதில் விழுந்தாலே நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். கட்டடத்துக்குள்ளிருந்தோ, கூரை மூடிய காருக்குள்ளிருந்தோ பாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வர வேண்டாம். இரவில் தேடிப் போகவே வேண்டாம். மின்னல் வெளிச்சத்தில் கண்சிமிட்டும் நேரம் தெரியும் உருவத்தை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது.

"ராடாரில் ஒன்றும் இல்லையே" என்பதும் தவறான ஆறுதல். அரைப் பாகை சாய்வில் செல்லும் ராடார் கற்றை 100 கி.மீ. தூரத்தில் தரையிலிருந்து சுமார் 1.5 கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது.

கண்ட பிறகு

ஒதுங்குமிடம் கட்டடத்தின் கீழ்த்தளம். ஜன்னல் இல்லாத, சுவர்கள் சூழ்ந்த உள்ளறை. தலைக்கு மேல் தலையணையோ கெட்டியான துணியோ. உள்ளே அழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னல்களைத் திறந்து வைப்பது பழைய தவறு: அது காற்றை உள்ளே அழைத்துக் கூரையை மேலே தள்ளும், திறக்கப் போகிறவர் கண்ணாடிக்கு அருகில் நிற்பார். சாலை மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவதும் அப்படித்தான். குறுகிய இடைவெளியில் காற்று இன்னும் வேகமெடுக்கும், பறந்து வருபவை நேராக மேலே விழும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்களில் மூவர் இறந்தார்கள்.

தகவல் சொல்லும்போது நடக்கும் பெரிய தவறு, தான் நிற்கும் ஊரையே புனல் இருக்கும் ஊராகச் சொல்லிவிடுவது. "எங்க ஊர்ல டொர்னாடோ" என்பதால் யாருக்கும் பயனில்லை. இப்படிச் சொல்லுங்கள்: "மாலை 5.42. நான் ரயில் நிலையத்தின் வடக்கு வாசலில். தென்மேற்கில் சுமார் 6 கி.மீ. தூரத்தில் புனல் மேகம், 3 நிமிடமாகச் சுழல்கிறது. தரைக்குப் பாதி தூரம் இறங்கியிருக்கிறது. கீழே தூசி தெரியவில்லை. ஆனால் மரங்கள் மறைப்பதால் தரை முழுதும் தெரியவில்லை. கிழக்கு நோக்கி நகர்கிறது." கண்ணால் கண்டதும் ஊகித்ததும் தனித்தனியாக இருக்கட்டும். படம் அனுப்பினால் எடுத்த நேரத்தையும் பார்த்த திசையையும் சேர்த்து, ஜூம் செய்யாத ஒரு படமும் அனுப்புங்கள். 10 நிமிடம் கழித்து அது கந்தல் மேகம்தான் என்று தெளிவானால், அதையும் நேரம் போட்டு அதே இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.