மூடிய செயலியில் எடுத்த காணொளிகளைத் தேடி எடுப்பது எப்படி?

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளுள் டிக்டாக்கும் ஒன்று. அதே ஆண்டு ஜூலை 10 அன்று ஃபேஸ்புக், டிக்டாக் போன்ற தனது லாஸோ செயலியை மூடியபோது, காணொளிகளை இறக்கிக்கொள்ளச் சில நாள் அவகாசம் கொடுத்தது. பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் டிக்டாக்கில் காணொளி போட்ட நம் பிள்ளைகளுக்கோ அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஆனாலும் தேடினால் பல காணொளிகள் வீட்டிலேயே அகப்படும்.

முதலில் பழைய கைபேசியை எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள். செயலி அதில் இன்னும் இருந்தால், திறக்காவிட்டாலும் அதை நீக்க வேண்டாம்; வெளியிடாமல் வைத்திருந்த வரைவுகள் செயலிக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருப்பதால், அதை நீக்கினால் அவையும் போய்விடும்.

கேலரியில் கிடைக்காதபோது பெரும்பாலோர் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் கவனமாகத் தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் நாம் பிறருக்கு அனுப்பிய காணொளிகள் ‘சென்ட்’ என்ற தனி உறையில் (ஃபோல்டர்) சேரும். அந்த உறை கேலரியில் தெரியாது என்பதால், கோப்பு மேலாளரை (ஃபைல் மேனேஜர்) திறந்து வாட்ஸ்அப், மீடியா, வீடியோ என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே 20190721 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் வரிசையாக இருக்கும். குற்றாலத்தில் சாரல் விழுந்த மாதமா, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டமா என்று நினைவுபடுத்திக்கொண்டால் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

என் தாயார் காலமான பிறகு, அக்காள் மகள் தன் ஆச்சியை வைத்து எடுத்த காணொளி ஒன்றை இப்படித்தான் கண்டெடுத்தோம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பாட்டுக்கு உதடசைத்துவிட்டு, இறுதியில் "போதும்ட்டி, அரிசி சிந்துது" என்கிறார்கள். பதினைந்து விநாடிதான். அவர்கள் குரல் பதிவான வேறு காணொளி எங்களிடம் இல்லை.

கிடைத்ததை வாட்ஸ்அப்பில் மற்றவர்களுக்கு அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆகவே அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். பென் டிரைவில் ஒரு பிரதியும் கூகுள் டிரைவில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய செயலியைத் திரும்பத் தருவதாகச் சொல்லும் அறிமுகமில்லாத தளங்களிலிருந்து எதையும் நிறுவாதீர்கள். காணொளியில் தோழர், தோழியர் இருந்தால், மறுபடி வெளியிடுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். அன்று பதினைந்து வயதில் ஆடியதை இன்று எல்லோரும் பார்க்க அவர்கள் விரும்பாமல் இருக்கலாம்.