மூன்று அடி போதும்: சண்டை விளையாட்டில் முதல் காம்போ

சண்டை விளையாட்டுகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரு வீடியோவோடுதான் வருகிறார்கள். எதிராளி சுவரில் மோதி எழும்பி விழ, திரையில் அடிகளின் எண்ணிக்கை இருபதைத் தாண்டிக்கொண்டிருக்கும். "இதை எப்படிப் போடுவது?" என்பார்கள். அதை மூடிவைக்கச் சொல்வேன். இருபது அடி காம்போவை மனப்பாடம் செய்துவிட்டு, அதன் முதல் அடியை எதிராளி மேல் படவைக்கத் தெரியாமல் தோற்றுப் போகிறவர்கள் ஏராளம். மூன்று அடியில் தொடங்குங்கள்.

காம்போ ஏன் வேலை செய்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், என்ற வேகத்தில் ஓடுகின்றன. அடி பட்டவர் சில ஃப்ரேம்களுக்கு அசையவோ தடுக்கவோ முடியாமல் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் தீர்வதற்குள் அடுத்த அடி பட்டால் அதுதான் காம்போ. நீங்கள் எதிராளியைவிட 5 ஃப்ரேம் முன்னதாகத் தயாராகிவிட்டீர்கள் என்று வையுங்கள். 5 ஃப்ரேமுக்குள் வெளிவரும் குத்து சேரும். 7 ஃப்ரேம் எடுக்கும் உதை சேராது. அழகாகத் தெரிகிறது என்பதற்காக உதையை நுழைத்தால் எதிராளி தடுத்துவிடுவார்.

இந்த ஏற்பாடே திட்டமிட்டு வந்ததல்ல. 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவானபோது, காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிசு, அடிகள் ஒன்றோடொன்று சேர்வதைக் கவனித்தார். அதை நீக்காமல் மறைவான வசதியாக விட்டுவைத்தார்கள். இன்று அது இல்லாத சண்டை விளையாட்டைக் காண்பது அரிது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் ரியூ என்ற வீரரை எடுத்துக்கொள்வோம். பலரும் முதலில் கற்பது இது: பாய்ந்து வந்து பலமான உதை, இறங்கியதும் குனிந்து நடுத்தர உதை, உடனே ஹடோக்கன் (கையிலிருந்து எறியும் ஆற்றல் பந்து).

ஆனால் பாய்ச்சலிலிருந்து தொடங்காதீர்கள். பின்பாதியை முதலில் கற்க வேண்டும். ஹடோக்கனுக்குத் திசைகள் கீழ், கீழ்-முன், முன். அதோடு குத்து பட்டன். இதை எண்களால் 236 என்று எழுதுவார்கள். கணினி விசைப்பலகையின் எண்பகுதியைத் திசைகாட்டியாக வைத்த முறை அது: 2 கீழ், 3 கீழ்-முன், 6 முன், 5 நடு. வலப்பக்கம் பார்த்து நிற்கும்போது பொருந்தும் கணக்கு இது; மறுபக்கம் போனால் எல்லாம் கண்ணாடி பிம்பமாகிவிடும். ஆகவே பயிற்சியில் இருபக்கமும் நின்று பழகுங்கள். ஒரே பக்கம் பழகியவரைப் போட்டியில் உடனே கண்டுபிடித்துவிடலாம், அவர் இடம் மாற விடவே மாட்டார்.

இனி சேர்ப்பது. குனிந்து நடுத்தர உதையை அழுத்துங்கள்; கால் எதிராளியைத் தொடும் நேரத்திலேயே 236 முடிந்து பலமான குத்து அழுந்தியிருக்க வேண்டும். கால் திரும்ப வரும் அசைவை விளையாட்டு வெட்டிவிட்டு நேராக ஹடோக்கனுக்குத் தாவும். இதற்குக் கேன்சல் என்று பெயர். பலமான குத்து ஏன்? அந்த ஹடோக்கன்தான் விரைவாக வெளிவருகிறது. லேசானது நேரம் எடுக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். உதை பட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத் திசையைத் தொடங்குகிறார்கள். கண் பார்த்து விரல் அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி, அதாவது சுமார் 12 ஃப்ரேம் ஆகிவிடும். வாசல் அதற்குள் மூடிவிடும். உதையும் ஹடோக்கனும் இரண்டு முடிவுகள் அல்ல, ஒரே முடிவு. தட்டச்சு பழகியவருக்கு இது புரியும்: எழுத்துகளாகத் தேடும்வரை விரல் திணறும், சொல்லாக மனதில் விழுந்ததும் ஓடும். பட்டனை வெறிபிடித்துத் தட்டவும் வேண்டாம். பிழை எங்கே நடந்தது என்பதே தெரியாமல் போகும்.

பின்பாதி கைக்கு வந்ததும் பாய்ச்சலைச் சேருங்கள். காற்றில் உதையை அவசரப்பட்டு உயரத்திலேயே போட்டால், நீங்கள் தரையிறங்குவதற்குள் எதிராளியின் தடுமாற்றம் தீர்ந்துவிடும். இறங்கும் கடைசி நேரத்தில், அவர் நெஞ்சுயரத்தில் படும்படி அழுத்துங்கள்.

பயிற்சி முறையில் பொம்மையை, முதல் அடிக்குப் பிறகு தடுக்கும்படி அமைக்க வழி இருக்கிறது. கட்டாயம் அப்படி அமையுங்கள். சும்மா நிற்கும் பொம்மை மேல் எதுவும் படும். தடுக்கும் பொம்மைதான் காம்போ உண்மையானதா என்று சொல்லும். அது சரியானதும் தடுப்பதை மாறிமாறி நிகழும்படி வையுங்கள். இப்போது குனிந்த லேசான குத்து இரண்டு போடுங்கள். இரண்டும் பட்டால் ஷோர்யுக்கன், அதாவது மேலெழும்பிப் போடும் குத்து (623, குத்து); தடுக்கப்பட்டால் கையை நிறுத்துங்கள். நிறுத்தும் இந்தப் பழக்கம்தான் கடினம். எனக்கு இருபது அடி காம்போவைவிட இதுதான் மதிப்பு.

திசைகள் வராமல் சலிப்பு தட்டினால், மாடர்ன் கட்டுப்பாட்டு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். ஒரே பட்டனில் சிறப்புத் தாக்குதல் வரும். அதை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. எப்போது அடிப்பது என்பதை அந்த முறையும் உங்களுக்காக முடிவு செய்வதில்லை.

வேறு விளையாட்டுகளில் இலக்கணம் கொஞ்சம் மாறும். டெக்கனில் நான்கு பட்டன்கள் இரண்டு கை, இரண்டு காலைக் குறிக்கின்றன. எதிராளியை மேலே தூக்கிவிட்டு, அவர் விழுவதற்குள் அடிப்பதே அங்கே முதன்மை. மோர்டல் காம்பட்டில், மூன்றாம் பாகம் முதலே, பட்டன் வரிசையை வேகமாக முன்கூட்டியே தட்டிவிடும் வழக்கம் உண்டு. அங்கே ஸ்ட்ரீட் ஃபைட்டரின் தாளத்தில் அழுத்தினால் வராது.

கடைசியாக ஒரு பயிற்சி. பொம்மை ஷோர்யுக்கன் போடுவதைப் பதிவு செய்து ஓட விடுங்கள். அதைத் தடுத்துவிட்டுக் காத்திருங்கள். பொம்மை காற்றில் இருக்கும்போதே அவசரப்பட்டு அடித்தால் அது தள்ளிப் போய் விழுந்துவிடும், காம்போ கிடைக்காது. அதன் கால் தரையைத் தொட்டதும் அருகே சென்று குனிந்து பலமான குத்து, அதிலிருந்து கேன்சல் செய்து பலமான ஷோர்யுக்கன். இரண்டே தாக்குதல்தான், ஆனால் உயிர்க்கோட்டில் பெரிய துண்டு போய்விடும். நிதானமில்லாமல் ஷோர்யுக்கனைத் தூவும் எதிராளிகள் ஆன்லைனில் நிறையப் பேர் கிடைப்பார்கள்.