புளியில் இருக்கும் அமிலத்தின் வாய்பாட்டைத் தரம்பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி?

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் குழம்பு என்றால் புளி கரைக்காமல் கிடையாது. அந்தப் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். 1769-இல் ஷீலே என்ற வேதியியலர் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். தூய டார்டாரிக் அமிலப் பொடியைப் பெயர் ஒட்டாத ஒரு குப்பியில் போட்டு உங்களிடம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு வாய்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? செறிவு தெரிந்த காரக் கரைசலை, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து அமிலத்தில் இறக்கி, எவ்வளவு செலவானது என்று பார்ப்பதுதான் தரம்பார்த்தல். அதோடு எரித்துப் பகுத்த சதவீதங்களும் கொஞ்சம் கணக்கும் போதும்.

முதலில் காரக் கரைசல். ஒரு லிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல், என்று புத்தகத்தில் இருக்கும். நம் கடற்கரையில் அதை அப்படியே நம்பாதீர்கள். கச்சான் காற்று வீசும் நாளில் நாலு வில்லையை வாட்ச் கிளாஸில் வைத்துத் தராசைக் கவனியுங்கள். கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் வில்லையின் மேல் எண்ணெய் பூசினாற்போல ஒரு பளபளப்பு வரும், பிறகு அடியில் ஈரம் தேங்கும். காற்றிலிருக்கும் நீரையும் கார்பன் டைஆக்சைடையும் அது இழுத்துக்கொள்கிறது. நீங்கள் நிறுத்தது முழுக்க காரம் கிடையாது. அதனால் சன்னலைச் சாத்திவிட்டு வேகமாக நிறுத்துக் கரையுங்கள். உண்மையான செறிவை அப்புறம் அளந்து கண்டுபிடிக்கலாம்.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் தேவை. கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும், அது உங்கள் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வாலை வடிநீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

அளப்பதற்கு ஆக்சாலிக் அமிலப் படிகம் நல்லது. இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த அந்தப் படிகத்தின் மூலக்கூறு நிறை 126. அதைச் சூடாக்கி உலர்த்தக் கூடாது, படிக நீர் போய்விடும். 0.630 கிராம் எடுத்து 100 மி.லி. கரைசலாக்கினால் 0.05 மோலார். இதில் 20 மி.லி.யைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவைக்கு மாற்றுங்கள். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு, வாயால் உறிஞ்சவே கூடாது, ரப்பர் பல்பு வேண்டும். காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தை இறக்குங்கள். விழும் இடத்தில் இளஞ்சிவப்பு சுழன்று மறையும். மறைய நேரமாகத் தொடங்கியதும் சொட்டுச் சொட்டாகப் போகவும். வெளிர்ந்த சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு நிலை. அதற்கு மேல் நிறம் வெளுத்தால் பயந்து இன்னொரு சொட்டு விடாதீர்கள், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுதான் அதை வெளுக்கிறது. ஒரே அளவு திரும்ப வரும்வரை செய்யுங்கள்.

20.8 மி.லி. செலவானது என்போம். குடுவையில் இருந்தது 1 மில்லிமோல் ஆக்சாலிக் அமிலம். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்பதால் 2 மில்லிமோல் காரம் தேவை. இரண்டை 20.8-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு 96.15 மில்லிமோல், அதாவது 0.09615 மோலார். 0.1-ஐ நம்பியிருந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு பிழை.

இப்போது நம் பொடி. 1.500 கிராம் எடுத்து 250 மி.லி. கரைசலாக்குங்கள். அதில் 20 மி.லி. எடுத்தால் உள்ளே 120 மில்லிகிராம் அமிலம். அதற்கு 16.6 மி.லி. காரம் செலவானால், 16.6 × 0.09615 = 1.596 மில்லிமோல். 120-ஐ 1.596-ஆல் வகுத்தால் 75.2.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 75.2 மூலக்கூறு நிறை என்று எழுதிவிடுகிறார்கள். அது சமான நிறை, ஒரு மோல் காரத்தை நடுநிலையாக்கும் அமிலத்தின் எடை. அமிலத்தின் காரத்துவம், அதாவது ஒரு மூலக்கூறு எத்தனை ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிறது என்பது, பியூரெட்டுக்குத் தெரியாது. அதை வேறு வழியில் பிடிக்க வேண்டும்.

வினாத்தாளில், அமிலத்தை எரித்துப் பகுத்ததில் கார்பன் 32, ஹைட்ரஜன் 4, மீதி 64 சதவீதம் ஆக்சிஜன் என்று கொடுத்திருப்பார்கள். அணு நிறைகளால் வகுத்தால் 2.67, 4, 4. சிறியதால் வகுத்தால் 1, 1.5, 1.5. இரட்டித்தால் 2, 3, 3. ஆக, எளிய விகித வாய்பாட்டில் கார்பன் 2, ஹைட்ரஜன் 3, ஆக்சிஜன் 3. அதன் நிறை 75.

சமான நிறையும் 75தானே, இதுவே மூலக்கூறாக இருக்கலாமே? இருக்க முடியாது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் கொண்ட நிலையான மூலக்கூறில் ஹைட்ரஜன் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் வரும். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அடுத்த வாய்ப்பு இரண்டு மடங்கு: கார்பன் 4, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 6, நிறை 150, காரத்துவம் 2. மூன்று மடங்கில் ஹைட்ரஜன் 9, மறுபடி ஒற்றைப்படை. நாலு மடங்கைத் தரம்பார்த்தல் மட்டும் வைத்து விலக்க முடியாது. ஆனால் இந்த அமிலம் பொட்டாசியத்தோடு இரண்டே உப்புகள் தருகிறது. பாதி நடுநிலையான அமில உப்பு ஒன்று, முழுதும் நடுநிலையானது ஒன்று. காரத்துவம் 2 என்று வேதியியலர்கள் வந்து சேர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று. வினாத்தாளில் பெரும்பாலும் காரத்துவத்தைச் சொல்லியே விடுவார்கள், கேள்வியில் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

அடுத்ததாகக் கடையில் கிடைக்கும் லெமன் சால்ட்டைச் செய்து பாருங்கள். அது சிட்ரிக் அமிலம், காரத்துவம் 3. சமான நிறை 64 வந்தால் நீரில்லாத வகை, 70 வந்தால் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை. இரண்டுக்கும் நடுவே ஓர் எண் வந்தால், பாக்கெட் எத்தனை நாள் வாய் திறந்து கிடந்தது என்று விசாரியுங்கள்.