பாலம் வந்தும் ஃபெரி ஓடுகிறது: சிறிய இணையச் சேவையாளர் ஐபிவி6க்கு மாறுவது எப்படி?

பினாங்கின் பட்டர்வொர்த்தில் சில நூறு வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு விலைப்பட்டியலைக் காட்டினார். ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரி போதவில்லை (புதிய வகைதான் ஐபிவி6) என்பதால், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பெரிய சிஜிநாட் பெட்டி ஒன்றை வாங்கச் சொல்லியிருந்தார்கள். விலையைப் பார்த்ததும் குடித்த தே தாரிக் எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "முதலில் ஐபிவி6ஐ ஓட விடுங்கள் அண்ணே, பிறகு சின்னப் பெட்டியே போதும்" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐபிவி4 முகவரி 32 பிட். மொத்தம் சுமார் 430 கோடி. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குப் பங்கிடும் ஏப்னிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுப்பில் கைவைத்தது. ஐபிவி6 முகவரியோ 128 பிட். இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. ஆனால் ஒரே கம்பியில் இரண்டையும் ஓட விடலாம். பினாங்குத் தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் பினாங்குப் பாலம் 1985இல் திறந்தபோது ஃபெரியை யாரும் நிறுத்தவில்லை. வண்டிகள் பாலத்துக்கு மாற மாற ஃபெரியின் சுமை குறைந்தது. இன்று கார்கள் அதில் ஏறுவதே இல்லை. ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் சேர்த்து ஓட்டும் இரட்டை அடுக்கு முறையும் அப்படித்தான். யூடியூப், நெட்ஃபிலிக்ஸ், ஃபேஸ்புக் எல்லாம் ஐபிவி6இல் கிடைக்கின்றன. இரவு எட்டு மணிக்கு வீடுகள் எதைப் பார்க்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அவ்வளவும் பாலத்தில் போய்விட்டால் சிஜிநாட்டுக்கு என்ன வேலை மிஞ்சும்?

படி 1: முகவரி வாங்குங்கள்

ஏப்னிக்கிடம் ஏற்கெனவே ஐபிவி4 பெற்ற உறுப்பினர் என்றால், உறுப்பினர் தளத்திலேயே /32 தொகுப்பைக் கேட்கலாம் (கோட்டுக்குப் பின்னுள்ள எண் சிறிதானால் தொகுப்பு பெரிது). ஆண்டுக் கட்டணத்தில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் கூட்டுவதில்லை. எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆகவே பலருக்கு இந்தப் படியில் செலவே இராது. விண்ணப்பிக்கும் முன் கட்டணத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

படி 2: தாளில் பிரியுங்கள்

/32ஐப் பதினாறு /36களாகப் பிரித்து, பட்டர்வொர்த்துக்கு ஒன்று, பிறைக்கு ஒன்று, புக்கிட் மெர்தாஜாமுக்கு ஒன்று என்று ஒதுக்குங்கள். வீட்டுக்கு ஒரு /56 கொடுத்தாலும் ஒரு /36இல் பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் அடங்கும். ஐபிவி4 காலத்துக் கஞ்சத்தனத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு /64 கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரிக்கக்கூட அது இடம் தராது. கொடுத்த தொகுப்பை, வாடிக்கையாளர் கணக்குகளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரில் நிலையாகப் பதிந்துவிடுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் முகவரி மாறினால், வீட்டுக் கணினிகள் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு தடுமாறும்.

படி 3: மேல்நிலை இணைப்பு

உங்களுக்கு இணையம் விற்கும் நிறுவனத்திடம் அதே கம்பியில் ஐபிவி6க்கும் ஒரு பிஜிபி இணைப்புக் கேளுங்கள். எந்த முகவரிக்கு எந்த வழி என்று நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை அது. /32ஐ அறிவியுங்கள். அதை அறிவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று காட்டும் வழி உரிமைச் சான்றையும் ஏப்னிக் தளத்தில் உருவாக்குங்கள். அவ்வளவுதான்.

படி 4: தீயரண் (ஃபயர்வால்), நான் சூடுபட்ட இடம்

மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்களில் ஐபிவி4க்கு எழுதிய விதிகள் ஐபிவி6க்குப் பொருந்தா. தனியாக எழுத வேண்டும். முதல்முறை எழுதியபோது, "பிங் எதற்கு?" என்று, பிங் சோதனையும் பிழைச் செய்திகளும் போகும் ஐசிஎம்பிவி6 முழுவதையும் அடைத்துவிட்டேன். கைதட்டிக்கொள்ளாத குறைதான்! மறுநாள் காலை ஒரு மளிகைக் கடை அக்கா அழைத்தார். "தம்பி, சில பக்கம் உடனே திறக்குது, சிலது வெள்ளையாகவே நிக்குது." காரணம் இதுதான்: வீடுகளை இணைக்கும் பிபிபிஓஇ முறையில் ஒரு தரவுப் பொட்டலம் 1492 பைட்டுக்கு மேல் போகாது. ஐபிவி6இல் நடுவழி ரவுட்டர் பொட்டலத்தைத் துண்டாக்காது. "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு" என்று அனுப்பியவருக்கே ஐசிஎம்பிவி6இல் செய்தி விடும். அந்தச் செய்தியைத்தான் நான் வாசலிலேயே மறித்திருந்தேன். ஒரே கம்பியிலுள்ள அண்டைக் கருவியைக் கண்டுபிடிக்கும் வேலையும் இதே ஐசிஎம்பிவி6 வழியேதான் நடக்கிறது. எனவே மொத்தமாக அடைக்காதீர்கள்.

இன்னொன்று: வீட்டுக் கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் மறைக்கும் நாட் ஐபிவி6இல் இல்லை. வீட்டு ரவுட்டரில் வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பைத் தடுக்கும் விதி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டே ஐபிவி6ஐத் திறந்துவிடுங்கள்.

படி 5: பத்து வீடுகளில் தொடங்குங்கள்

முதலில் ஊழியர் வீடுகள், பிறகு நட்பான வாடிக்கையாளர்கள். உண்மையான செலவு வீட்டு ரவுட்டர்களில்தான் இருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஐபிவி6 தெரியாத பழைய ரவுட்டர் ஐபிவி4இலேயே இருக்கட்டும். அது பழுதாகும்போதோ ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதோ மாற்றுங்கள். இனி வாங்குபவை மட்டும் ஐபிவி6 தொகுப்பைக் கேட்டுப் பெறும் வகையாக இருக்க வேண்டும்.

நடுவிலுள்ள கருவிகள் ஐபிவி6ஐக் கடத்தாவிட்டால், ஐபிவி4க்குள் பொதிந்து அனுப்பும் 6ஆர்டி முறை உண்டு. பிரான்சின் ஃப்ரீ நிறுவனம் 2007இல் இதை ஐந்தே வாரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டு ரவுட்டருக்கும் 6ஆர்டி தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

படி 6: பிறகு பார்க்கலாம் என்பவை

ஐபிவி6 மட்டும் கொடுத்து, ஐபிவி4 மட்டுமே உள்ள பழைய தளங்களுக்கு, இரண்டுக்கும் இடையே மொழிபெயர்க்கும் நாட்64 வழியே போவது அடுத்த கட்டம். ஜூல் என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய சர்வரில் நிறுவியே இதைச் சோதிக்கலாம். கைப்பேசிகள் சமாளித்துவிடும், கண்காணிப்புக் கேமராப் பெட்டிகளும் பழைய டிவி பெட்டிகளும்தான் முரண்டு பிடிக்கும். ஆகவே இப்போதைக்கு இந்தச் சோதனையை உங்கள் அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐபிவி6க்கென்றே 2005இல் ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டது இதே பினாங்கில், சயின்ஸ் மலேசியா பல்கலைக்கழகத்தில். வீட்டு வாசலில் இப்படியொரு வரலாற்றை வைத்துக்கொண்டு நாம் இன்னும் தள்ளிப்போடுவது எனக்கு விளங்கவில்லை.

பட்டர்வொர்த் நண்பருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: பத்து வீடுகளை மாற்றும் முன்பும் பின்பும் அந்த வீடுகளின் நாட் இணைப்பு எண்ணிக்கையை இரவு ஒன்பது மணிக்குக் குறித்துவைக்க வேண்டும். அந்த இரண்டு எண்களோடு அவர் வரும்வரை விலைப்பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கும்.