சேவரி என்றால் காரமா?

பலகாரக் கடைப் பலகையில் 'ஸ்வீட்ஸ் அண்ட் சேவரீஸ்' என்றும், பக்கத்திலேயே 'இனிப்பு, காரம்' என்றும் பார்த்துப் பழகியவர்கள் நாம். அதனால் சேவரி என்றாலே காரம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. கடைக்கு அந்த மொழிபெயர்ப்பு சரிதான். அங்கே மிளகாய் போடாத உப்புச் சீடையும் 'காரம்' கணக்கில்தான் சேரும். அதே அர்த்தத்தை ஆங்கிலத்துக்கு எடுத்துப் போகும்போதுதான் தவறு தொடங்குகிறது.

இந்தச் சொல்லின் முதல் வேலை, 'இது இனிப்பு அல்ல' என்று சொல்வது. வெண்பொங்கல் சேவரி, சர்க்கரைப் பொங்கல் ஸ்வீட். இதை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். பிரான்சில் பாப்பரை (பக்வீட்) என்ற தானிய மாவில் தோசை போல வார்த்து, சீஸும் முட்டையும் வைத்து மடித்துத் தருவார்கள். அதில் மிளகாய் வாசனையே இருக்காது, ஆனாலும் ஆங்கிலத்தில் அது சேவரிதான். காரம் ஒத்துக்கொள்ளாத ஒருவர் 'எனக்கு சேவரி வேண்டாம்' என்றால், கேட்பவர் இனிப்பை மட்டும் கொண்டுவந்து வைப்பார். காரத்தைச் சொல்ல ஹாட், ஸ்பைசி என்ற சொற்கள் இருக்கின்றன.

உப்பு கூடிப்போன குழம்பையும் சேவரி என்று சொல்லக் கூடாது. அது சால்ட்டி. சேவரி குறை சொல்லும் சொல் அல்ல.

இன்றைய சமையல் எழுத்தில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இகெடா கிகுனே, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் என்று கண்டறிந்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் பலர் அதைத்தான் சேவரி டேஸ்ட் என்கிறார்கள். தக்காளி, காளான், சோயா சாஸ், நாள்பட்ட சீஸ் எல்லாவற்றிலும் அது உண்டு. நம் கருவாட்டுக் குழம்பின் ருசியிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. காளான் சூப்பைப் பற்றிய வரியில் வரும் சேவரியைக் 'காரமான' என்று மொழிபெயர்த்தால், வாசகர் மிளகு சூப்பைக் கற்பனை செய்துகொள்வார். 'உமாமி' என்றே எழுதலாம், இப்போது பலருக்கும் தெரிந்த சொல்தான்.

எதிர்ச்சொல்லில்தான் அதிகக் கவனம் வேண்டும். அன்சேவரி என்றால் உப்புச்சப்பில்லாதது என்று நினைக்கத் தோன்றும். ஒரு காலத்தில் அப்படியும் பொருள் இருந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், உப்பில்லாமல் உண்ண முடியாத பண்டத்துக்கு யோபு இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார். இன்று அது பெரும்பாலும் ஆளைப் பற்றியோ விவகாரத்தைப் பற்றியோ பேசும் சொல். 'அன்சேவரி கேரக்டர்' என்றால் யோக்கியமில்லாத ஆள். விருந்துக்குப் போன வீட்டில் சூப்பை அன்சேவரி என்றால், அருவருப்பாக இருக்கிறது என்றுதான் அவர்கள் காதில் விழும். ருசி இல்லை என்பதற்கு பிளாண்ட் (bland) என்ற சொல் போதும்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். பிரிட்டனிலும் இந்தியாவிலும் 'யு' சேர்த்து savoury என்று எழுதுவார்கள், அமெரிக்காவில் அந்த எழுத்து இல்லை, savory தான். ஆனால் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த சேவரி என்ற மூலிகைக்கு எந்த நாட்டிலும் 'யு' கிடையாது. பல்கேரியச் சமையலில் அது நிறையப் புழங்கும். அமெரிக்கக் குறிப்புகளில் சுவையும் இலையும் ஒரே மாதிரி எழுதப்படுவதால், அந்தச் சொல்லுக்கு முன்னால் 'ஒரு டீஸ்பூன்' போல அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இலை.