மலையகத்துல இருந்து கொன்சர்ட் பியானிஸ்ட் ஆகணும்னா எங்க இருந்து தொடங்குறது

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் ஒரு பிள்ளைக்கு பியானோ ஆசை வந்தா வீட்டுல முதல் கேள்வியே பியானோவுக்கு எங்க போறதுங்கிறதுதான், அதனால அதுல இருந்தே தொடங்குறேன்.

விலை கொறையுதேன்னு பழைய அப்ரைட் பியானோவ (சுவரோட ஒட்டி நிமிர்ந்து நிக்கிற வகை) அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. உள்ள 200க்கு மேல கம்பி இருக்கு, நம்ம ஊரு ஈரத்துக்கு அது துருப்பிடிக்கும், சத்தத்தை பெருக்குற சவுண்ட்போர்ட் பலகை மரம் ஊதுனா சுருதி ஏறும், காஞ்சா இறங்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது டியூன் பண்ணணும், அதுக்கு ஆள் கண்டியில இருந்தோ கொழும்புல இருந்தோ ஏறி வரணும். 88 கட்டையும் இருக்கிற, கட்டைக்கு பாரம் இருக்கிற டிஜிட்டல் பியானோ ஒண்ணு பெடலோட வாங்குறது எவ்வளவோ மேல். 61 கட்டை கீபோட் ஆரம்பத்துக்கு சரி, ஆனா அந்த லேசான கட்டையில விரலுக்கு பலமும் வராது, சத்தத்தை குறைச்சு கூட்டி வாசிக்கிற வித்தியாசமும் வராது. லயத்துல இருக்கிறவங்களுக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கலாம், ராத்திரி பக்கத்து காம்பராவுக்கு தொந்தரவு இல்ல.

அதோட டவுன்ல இருக்கிற பழைய சர்ச்சுல பியானோ இருந்தா ஃபாதர்கிட்ட கேட்டு கிழமைக்கு ஒரு தடவையாவது வாசிங்க. வயலின்காரர் தன் வயலினை தூக்கிட்டு போவாரு, பியானிஸ்ட் அந்தந்த மண்டபத்துல என்ன இருக்கோ அதுலதான் வாசிக்கணும், சில கட்டை இறுகியிருக்கும், பெடல் வேற மாதிரி பிடிக்கும், அதை சமாளிக்கிற பழக்கம் சின்ன வயசுலயே வரட்டும்.

டீச்சர் விஷயத்துல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. ஒன்லைன் கிளாஸ் நல்லதுதான், ஆனா மணிக்கட்டு இறுகியிருக்கா தோள் தூக்கியிருக்கான்னு ஃபோன் கெமராவுல சரியா தெரியாது, மாசத்துக்கு ஒரு தடவையாவது கண்டியோ கொழும்போ நேர்ல போயிட்டு வாங்க.

இப்ப சோதனை. இங்க நிறைய பேர் ஏபிஆர்எஸ்எம் இல்லாட்டி டிரினிட்டிங்கிற இங்கிலாந்து சங்கீத சோதனை அமைப்புகளோட கிரேட்தான் எடுக்கிறாங்க. ஏபிஆர்எஸ்எம்ல மொத்தம் 150 புள்ளி, 100 எடுத்தா பாஸ், 130 எடுத்தா டிஸ்டிங்ஷன், கிரேட் 6க்கு போக முன்னாடி கிரேட் 5 தியரி (எழுத்து சோதனை) முடிச்சிருக்கணும். பர்ஃபோமன்ஸ் கிரேட்னு ஒண்ணு இருக்கு, வாசிச்சு வீடியோ எடுத்து அனுப்பலாம், தூரத்துல இருக்கிற பிள்ளைகளுக்கு பெரிய உதவி. ஆனா எனக்கு உண்மையிலயே கவலை தர்ற விஷயம், வருஷம் முழுக்க மூணே மூணு பாட்டை வச்சு தேய்ச்சு சோதனை பாஸ் பண்ற பிள்ளைகள்தான். கிரேட் 8 கையில இருக்கும், புதுசா ஒரு இசைத்தாளை முன்னால வச்சா வாசிக்க வராது. கொன்சர்ட் பியானிஸ்டுக்கு ஒரு கச்சேரிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல வாசிக்க வேணும், அடுத்ததுக்கு வேற. அதனால தினமும் தெரியாத ஒரு சின்ன பாட்டை எடுத்து நிப்பாட்டாம வாசிச்சு பழகுங்க. ஐஎம்எஸ்எல்பிங்கிற இசைத்தாள் சைட்ல பாஹ்வோட 15 டூ-பார்ட் இன்வென்ஷன் (ரெண்டு குரல்ல போற சின்னப் பாட்டுகள்), ஹைடன், மோசார்ட் எல்லாம் இலவசமா இருக்கு.

பிராக்டிஸ் மெதுவா, கை தனித்தனியா. மேடையில தாள் இல்லாம வாசிக்கிற வழக்கம் லிஸ்ட், கிளாரா ஷூமான்ங்கிற 19ம் நூற்றாண்டு பியானிஸ்டுகள் காலத்துல வந்தது, இன்னைக்கும் தனிக் கச்சேரின்னா பெரும்பாலும் அப்படித்தான், அதனால பாட்டோட நடுவுல எந்த இடத்துல சொன்னாலும் தொடங்கத் தெரியணும், இடது கையை மட்டும் மனப்பாடமா வாசிக்கத் தெரியணும், விரல் பழக்கத்தை மட்டும் நம்புனா பதட்டத்துல அறுந்துபோகும். நுவரெலியா குளிர்ல விடியக்காலைல விறைச்ச கையோட வேகமா எதையும் தொடாதீங்க, சுடுதண்ணில கையை வச்சு சூடாக்கிட்டு உட்காருங்க. வலிச்சா நிப்பாட்டிடணும். லியோன் ஃபிளைஷர்ங்கிற பெரிய பியானிஸ்டுக்கு 1960கள்ல வலது கை விரல் சுருண்டு, ரொம்ப வருஷம் இடது கைக்கான பாட்டு மட்டும்தான் வாசிச்சாரு.

தொழில்னு பாத்தா தனியா கச்சேரி பண்ணியே வாழுறவங்க உலகத்துலயே கொஞ்சம் பேர்தான். நம்ம நாட்டு பியானிஸ்ட் ரோஹான் டி சில்வாவ பாருங்க, லண்டன் ரோயல் அகடமியிலயும் நியூயோர்க் ஜூலியார்ட்லயும் படிச்சு, 1990 மொஸ்கோ சைகோவ்ஸ்கி போட்டியில சிறந்த பக்கவாத்தியக்காரருக்கான விசேஷ பரிசு எடுத்து, வயலின் மேதை இட்ஷாக் பெர்ல்மனோட உலகம் பூரா வாசிச்சாரு. அதனால ஸ்கூல் கொயருக்கு, வயலின் பழகுற பிள்ளைக்கு, யார் கேட்டாலும் கூட வாசிங்க. அடுத்தவங்க மூச்சு விடுற இடத்தை கவனிக்கிற காது அப்படித்தான் வரும்.

வெளிநாட்டுக்கு போகணும்னா ஏ/எல்லை விட்டுடாதீங்க, மேலைத்தேய சங்கீதத்தை ஒரு பாடமா எடுக்க முடிஞ்சா எடுங்க. ஜெர்மனியில பெரும்பாலான மாநிலங்கள்ல அரசாங்க இசைப் பல்கலைக்கழகத்துக்கு படிப்புக் கட்டணம் இல்ல, ஆனா ஜெர்மன் பாஷை வேணும். அமெரிக்காவுல கர்ட்டிஸ்ங்கிற இசைக் கல்லூரியில சேர்ற எல்லாருக்கும் கட்டணம் இலவசம், இடம்தான் ரொம்ப குறைவு. நிறைய இடத்துல முதல்ல வீடியோ கேப்பாங்க. ஒரு பாட்டை இடையில வெட்டாம ஒரே தடவையில எடுக்கணும், கையும் முகமும் பக்கவாட்டுல தெரியணும், தகரக் கூரைக்கு கீழ மழை நேரத்துல எடுத்தா ஒண்ணும் கேக்காது, அதனால கடைசி திகதிக்கு ஒரு மாசம் முன்னாடியே நல்ல பியானோ இருக்கிற இடத்தை பேசி டியூன் பண்ணி வச்சிருங்க.